துப்பறிபவர் கையில் எதைக் கொடுப்பது? தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஆட்டத்துக்கு ஒரு பதில்

கேள்வியின் சுருக்கம் இதுதான். மலையகத் தோட்டமொன்றைக் களமாக வைத்துப் பத்துப் பேர் ஆடும் மல்டிபிளேயர் கேம். இருவர் கள்ளர். ஸ்டோரிலிருந்து (தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை) தேயிலைத் தூள் மூட்டை கடத்துவார்கள், குறுக்கே வருபவரை ஆட்டத்திலிருந்து அகற்றுவார்கள். ஒருவர் துப்பறிபவர். அவரிடம் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. ஆளுக்கு நேரே பிடித்தால் பச்சை அல்லது சிவப்பு எரியும், 30 வினாடிக்கு ஒருமுறை பாவிக்கலாம். பதினைந்து நிமிடம் ஓடவேண்டிய ஆட்டம் நாலாவது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்கேனர் 20 வீதம் பிழையாகக் காட்டும்படி மாற்றியதும் துப்பறிபவராக ஆட யாருமே விரும்பவில்லை. எதை மாற்றுவது?

ஸ்கேனரைத் தூக்கி வையுங்கள். 30 வினாடியை 60 ஆக்குவதாலோ 20 வீதத்தைப் 10 ஆக்குவதாலோ இது சரியாகாது. ஆட்டம் நாலாவது நிமிடத்தில் முடிவது தற்செயல் அல்ல என்பதைக் கணக்குப் போட்டாலே காணலாம். துப்பறிபவரை விட்டால் மிச்சம் 9 பேர். அதில் கள்ளர் இருவர் யார் என்பதற்கு 36 சோடிகள் சாத்தியம். ஒருவருக்கு நேரே ஸ்கேனரைப் பிடித்துப் பச்சை வந்தால் 28 சோடி மிஞ்சும், சிவப்பு வந்தால் வெறும் 8. எட்டுப் பேரைப் பிடித்தால் ஒன்பதாமவரைப் பிடிக்கவே தேவையில்லை. எட்டுத் தரம் 30 வினாடி என்றால் நாலு நிமிடம். உங்கள் ஆட்டம் அதுபாட்டில் எண்ணி முடிக்கிறது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி 'இவன் கள்ளனா, இல்லையா' என்று நேரடியாகக் கேட்கும் வழக்கம் பழைய மேசை ஆட்டங்களிலிருந்து வந்தது. 1986இல் மொஸ்கோவில் டிமிட்ரி டேவிடோஃப் உருவாக்கிய, கூட்டத்தில் ஒளிந்திருப்பவரைப் பேசிக் கண்டுபிடிக்கும் 'மாஃபியா'வை ஆடுபவர்கள் பரவலாகச் சேர்த்துக்கொள்ளும் துப்பறிபவர் பாத்திரம் அப்படித்தான் கேட்கும். அங்கே அது ஒத்துவருகிறது, ஏனென்றால் ஓர் இரவுக்கு ஒரு கேள்விதான், அடுத்த இரவு வரை பேச்சு மட்டுமே. ஓடிக்கொண்டே ஆடும் கணினி ஆட்டத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் பேச்சு செத்துப்போகும்.

20 வீதப் பிழையைச் சேர்த்ததும் ஏன் இன்னும் மோசமானது? இதையும் போட்டுப் பாருங்கள். 9 பேரில் 2 கள்ளர். அந்த இருவரில் ஒருவரைப் பிடித்தால் 80 வீதம் சிவப்பு. மிச்ச ஏழு பேரில் ஒருவரைப் பிடித்தாலும் 20 வீதம் சிவப்பு. ஆகவே எரியும் சிவப்புகளில் உண்மையானவற்றின் பங்கு 2×0.8 க்கு 1.6, பொய்யானவற்றின் பங்கு 7×0.2 க்கு 1.4. சிவப்பு எரியும்போது அது சரியாக இருக்கும் வாய்ப்பு 53 வீதம்தான். நீங்கள் '80 வீதம் சரி' என்று எழுதிவைத்தீர்கள், ஆடுபவர் கையில் கிடைத்ததோ கிட்டத்தட்டக் காசு சுண்டிப் பார்ப்பது. அந்தக் கருவியை நம்பி ஒருவரை வெளியேற்றி, அவர் நல்லவராகிப்போனால் துப்பறிபவருக்கு வெட்கம். தான் எங்கே பிழைவிட்டோம் என்றுகூட அவரால் சொல்லமுடியாது, ஏனென்றால் பிழைவிட்டது பகடை.

நான் சொல்லவருவது இதுதான். கருவி பொய் சொல்லக்கூடாது, குறைவாகச் சொல்லலாம். சந்தேகம் வேண்டும், ஆனால் அது பகடையிலிருந்து வராமல், ஆடுபவர்கள் காணக்கூடிய, பேசக்கூடிய ஒரு காரணத்திலிருந்து வரவேண்டும். அதற்கு நீங்கள் எடுத்த களம் தங்கம். தோட்டத்தில் அப்படிப்பட்ட காரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

முதலில் தராசு. பச்சைக் கொழுந்து ஸ்டோருக்குப் போய், வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து தூளாகும்போது ஏறத்தாழ 100 கிலோவுக்கு 21, 22 கிலோதான் மிஞ்சும். மிச்சமெல்லாம் தண்ணீர். மழையில் பறித்த கொழுந்தில் இலைமேல் ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து நிறுபடுவதால் அந்த வீதம் இன்னும் கீழே இறங்கும். நிறுவையில் 'தண்ணிக்கு' என்று கழிப்பது சண்டையாவதும் இதனால்தான். வாட்டத்துக்கே 12 முதல் 18 மணித்தியாலம் போவதால் நேற்றைய கொழுந்துதான் இன்றைய தூள்.

இதை ஆட்டமாக்குங்கள். 15 நிமிடத்தை ஐந்து 'நாள்' ஆகப் பிரித்தால் நாளுக்கு 3 நிமிடம். தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பிரிவில்) 500 கிலோ, கீழ் டிவிஷனில் 500 கிலோ கொழுந்து ஒவ்வொரு நாளும் வரட்டும். காய்ந்த நாளென்றால் 22 வீதம், மழை நாளென்றால் 18 வீதம் என்று வையுங்கள். இரண்டு டிவிஷனிலும் வெயில் என்றால் மறுநாள் 220 கிலோ தூள் இருக்கவேண்டும். மேலே மட்டும் மழை பெய்திருந்தால் 200. கள்ளர் கடத்தும் மூட்டையின் எடையைச் சரியாக 20 கிலோவாக வையுங்கள்.

இப்போது துப்பறிபவர் நிறுத்துப் பார்க்கிறார், 200 காட்டுகிறது. தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மூட்டை போனதா, நேற்று மேலே மழையா? கீழே நின்றவருக்குத் தெரியாது. மலையில் ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயிலடிப்பது யாருக்கும் புதிதல்ல. நேற்று மேலே இருந்தவர்கள் வாய்திறக்கவேண்டும். கள்ளன் 'நல்ல மழை' என்று அடித்துச் சொல்லலாம், ஆனால் மேலே நின்ற இன்னொருவர் 'ஒரு துளியும் இல்லை' என்றால் இரண்டில் ஒருவர் பொய்யர். கருவி கொடுத்தது ஒரு எண் மட்டுமே, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மனிதர்களுக்கிடையில். கள்ளனுக்கும் இதில் திறமை இருக்கிறது. மழை பெய்த நாளுக்கு மறுநாள் பார்த்து மூட்டையைத் தூக்கினால், ஆட்கள் மழையின் கணக்கில் எழுதிவிடக்கூடும்.

எடைகளைத் தற்செயலாக 217, 194 என்று சிதறவிடாதீர்கள். 220, 200, 180, 160 என்று நாலு எண்கள் மட்டும் வரட்டும். மனதால் கணக்குப் போட முடியாத தடயத்தை யாரும் பாவிக்கமாட்டார்கள்.

அடுத்தது செருப்பு. கைரேகை பல ஆட்டங்களில் வருகிறது, ஒரு ரேகைக்கு ஒரு ஆள் என்பதால் அது ஸ்கேனருக்கு இன்னொரு பெயர்தான். செருப்புத் தடம் அப்படியல்ல. நாலு அடிவகை செய்யுங்கள். பத்துப் பேருக்கு 3, 3, 2, 2 என்று பங்கிடுங்கள். ஈரமண்ணில் தடம் விழும், தார் றோட்டிலும் கல்படியிலும் விழாது. வெயிலில் 150 வினாடி நிற்கட்டும், மழையில் 40 வினாடியில் கரையட்டும். துப்பறிபவர் அல்லாத மூன்று பேர் போடும் வகைத் தடம் ஒன்று கள்ளனுடையதுதான் என்று உறுதியானால் 36 சோடிகள் 21 ஆகின்றன. இது நல்ல அளவு. ஒரு கருவியை ஒருமுறை பாவித்தால் பொதுவாகச் சாத்தியங்கள் பாதிக்குக் கீழே போகக்கூடாது, அதாவது 36 என்பது 18க்குக் குறையக்கூடாது என்பதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மிக அதிகமாக வெட்டும் கருவி சில தரத்திலேயே ஆட்டத்தை முடித்துவிடும்.

லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், செருப்புகள் கழற்றிக் கிடக்கும் அல்லவா, கள்ளன் அதில் இன்னொருவருடையதைப் போட்டுக்கொண்டு போக முடியவேண்டும். மூன்று வினாடி போதும். ஆனால் அவன் செருப்பு அந்த வாசலில் கிடக்கும். இது முக்கியம். ஒரு தடயத்தை மறைக்கும் வழி இன்னொரு தடயத்தை விடவேண்டும். விடாவிட்டால் மூன்றாவது ஆட்டத்தோடு எல்லாக் கள்ளரும் எப்போதும் செருப்பு மாற்றுவார்கள், தடம் பார்க்கும் கருவி பைக்குள்ளேயே கிடக்கும். மறைக்கவே வழியில்லை என்றால் கள்ளனாக ஆட ஆளிருக்காது.

அட்டையை விட்டுவிடாதீர்கள். மற்ற ஊர் ஆட்டங்களில் இதை அரிதாகத்தான் காணலாம். ஓடையோரக் காட்டுக்குள் 6 வினாடிக்கு மேல் நின்றவர் காலில் அட்டை கடித்த ரத்தக்கறை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் அது விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும், ஆட்டத்தில் 2 நிமிடம் என்று வையுங்கள். பார்க்கக் கருவியே தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும். துப்பறிபவர் அல்லாதவர்களும் துப்பறிய இது ஒரு வழி. மறைக்க வழி: முன்கூட்டியே காலில் சவர்க்காரம் பூசுவது. பீலியடியில் (தண்ணீர் விழும் குழாயடியில்) மூன்றே மூன்று சவர்க்காரத் துண்டு வையுங்கள். இரண்டாகக் குறைந்திருந்தால் யாரோ காட்டுக்குள் போகத் தயாராகிறார் என்று அர்த்தம். இங்கும் 'அட்டை கடிக்க 70 வீத வாய்ப்பு' என்று பகடை போட ஆசை வரும். போடாதீர்கள். ஆறு வினாடி என்றால் ஆறு வினாடி.

ரயில்பாதை உங்கள் வரைபடத்தில் இருப்பதால் டேப்லட் முறையைப் பாவிக்கலாம். மலைநாட்டின் ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் நுழைய ட்ரைவர் கையில் அந்தப் பகுதிக்குரிய டேப்லட், அதாவது அனுமதியாகக் கொடுக்கும் உலோக வில்லை, இருக்கவேண்டும். ஒன்று வெளியே போயிருந்தால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை எந்தப் பக்கத்திலிருந்தும் இன்னொன்று வெளிவராது. ஆகவே அடுத்தடுத்த ஸ்டேஷன்களான தலவாக்கலை, வட்டகொடை இரண்டில் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருக்கையில் 'நான் எதிர்ப்பக்கமிருந்து சரக்கு வண்டியில் ஏறி வந்தேன்' என்று வட்டகொடைப் பக்கமிருந்து ஒருவர் சொன்னால் அது நடக்கவே முடியாதது. இது ஆளைக் காட்டாமல் ஒரு பொய்க் காரணத்தை மட்டும் உடைக்கும் அருமையான கருவி. ஆனால் புதிதாக ஆடுபவருக்கு விளங்க மூன்று நான்கு ஆட்டம் பிடிக்கும். முதல் வெளியீட்டில் வேண்டாம்.

செக்ரோல் வேறு ரகம். எந்த மலையில் யார் நின்றார், யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று கணக்கப்பிள்ளையாக ஆடுபவர் கையால் எழுதுவது. அவரே கள்ளராக இருக்கலாம். அதனால் செக்ரோல் பொய் சொல்லும், சொல்லட்டும். நான் மேலே சொன்னதுக்கு இது முரண் அல்ல. பொய் சொல்வது ஒரு ஆள். ஒரே கட்டாயம், திரையில் இரண்டும் வேறுபட்டுத் தெரியவேண்டும். தராசின் எண் அச்செழுத்தில் வரட்டும், செக்ரோல் கையெழுத்துப் போல வரட்டும். எதை நம்பலாம், எதை விசாரிக்கவேண்டும் என்று கண்ணே பிரித்துக்கொள்ளும். சின்னதாக இன்னொன்று: தூள் கடத்துபவர் எப்போதும் லயத்து ஆளாகவே வரும்படி உடைகளை அமைத்துவிடாதீர்கள். புத்தகம் எழுதுபவருக்கும் ஸ்டோர் சாவி வைத்திருப்பவருக்கும் அதே வாய்ப்பு இருக்கட்டும். நியாயத்துக்காக மட்டுமல்ல, உடையைப் பார்த்தே ஊகிக்க முடிந்தால் கருவிகள் எதற்கு?

இனி, கண்டுபிடித்ததைத் துப்பறிபவர் மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது. பெரும்பாலான ஆட்டங்கள் சறுக்குவது இங்கேதான். முடிவைச் சான்றிதழ் மாதிரி எல்லார் திரையிலும் காட்டினால் விவாதமே இராது. வாயால் மட்டும் சொல்லவிட்டால், கள்ளனும் 'நான்தான் துப்பறிபவர்' என்பான், உண்மையானவரின் வேலைக்கு மதிப்பில்லை. நடுவழி இது: பொருளைக் காட்டலாம், எடுத்த இடத்தை வாயால்தான் சொல்லவேண்டும். செருப்புத் தடத்தின் அச்சை பிரட்டுக்களத்து (காலையில் ஆட்களைக் கூட்டும் இடத்து) மேசையில் வைக்கலாம், எல்லாரும் பார்க்கலாம், அது போலியாக இருக்க முடியாது. ஆனால் அது ஸ்டோர் பின்வாசலில் எடுத்ததா, பீலியடியில் எடுத்ததா என்பதற்கு அவர் சொல்தான் சாட்சி. இந்தத் தடம் எடுக்கும் பையைக் கள்ளன் களவெடுத்தால் அவனும் எங்கோ ஒரு தடத்தை எடுத்துவந்து பொய்யிடம் சொல்லலாம். விவாதம் உயிரோடு இருக்கும்.

கருவி பாவிப்பதற்கு விலை வேண்டும். காசோ புள்ளியோ கேட்காமல், நேரத்தையும் முதுகையும் கேளுங்கள். நிறுக்க 12 வினாடி, முகம் தராசுப் பக்கம், பின்னால் வருபவர் தெரியாது. தடம் எடுக்க 8 வினாடி, குனிந்த நிலை. மூடுபனி நேரத்தில் பார்வை 8 மீற்றராகக் குறையட்டும், காலடிச் சத்தம் மட்டும் 20 மீற்றருக்குக் கேட்கட்டும். அப்போதுதான் 'காவலுக்கு ஒருவர் வாருங்கள்' என்று துப்பறிபவர் கேட்பார், வருபவர் கள்ளனாகவும் இருக்கலாம். மற்ற ஆட்டங்களில் கண்ட விலைகளில் இரண்டு பார்க்கத்தக்கவை. 'அமங் அஸ்' ஆட்டத்தில் விஞ்ஞானி பாவிக்கும் உயிர்நிலைத் திரைக்கு பற்றரி உண்டு, வேலைகளை முடித்தால்தான் அது ஏறும். 'கெரிஸ் மொட்'டில் ஆடும் 'ட்ரபிள் இன் டெரரிஸ்ட் டவுன்' ஆட்டத்தின் டிஎன்ஏ கருவி பெயரைச் சொல்லாது, ஆள் நிற்கும் இடத்தைத்தான் காட்டும். உடலில் கிடைக்கும் மாதிரியும் நேரம் போகப்போக அழியும், கொன்றவர் தூரத்தில் நின்றிருந்தால் இன்னும் சீக்கிரம் அழியும். பெயர் சொல்லாத கருவிதான் நெடுநாள் நிற்கிறது என்பதற்கு அது போதும்.

கட்டும் விதம் பற்றி. தடயம் முழுவதும் சேர்வரில் இருக்கட்டும். ஆடுபவர் அருகே போய்ப் பார்க்கும் நொடியில்தான் அவருடைய போனுக்கு அனுப்பவேண்டும். எல்லாத் தடங்களையும் எல்லாருக்கும் அனுப்பிவிட்டு 'திரையில் மறைத்துவிட்டோம்' என்றால், நினைவகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு பொடியன் போதும், ஆட்டம் நாசம். நேரமுத்திரையும் சேர்வருடையதாகவே இருக்கட்டும். போனின் மணிக்கூட்டை நம்பினால் '6 வினாடி அட்டை' கூடச் சண்டையாகும். யார் எங்கே நிற்கிறார் என்ற நிலைப்பதிவு ஆளுக்கு வினாடிக்கு 2 போதும்: 10 பேர், 900 வினாடி என்றால் 18,000 பதிவு, பதிவுக்கு 12 பைட் என்றாலும் 216 கிலோபைட்தான். இந்தப் பதிவை வைத்து ஆட்டம் முடிந்ததும் யார் எங்கே நடந்தார் என்று வரைபடத்தில் ஓட்டிக் காட்டலாம். தோற்றவர்கள் 'அடடா, அந்தத் தடம்தானா' என்று காணும் அந்த 40 வினாடிதான் அடுத்த ஆட்டத்துக்கு ஆட்களைப் பிடித்துவைக்கும்.

தமிழ் எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆட்டம் கட்டும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்ப்ரோ தமிழ் எழுத்துகளைத் தானாக ஒழுங்குபடுத்தாது. 'கொழுந்து', 'செருப்பு' போன்ற சொற்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதற்கென்று ஒரு எழுத்து ஒழுங்காக்கும் செருகியோ, சொற்களை முன்கூட்டியே படமாக்கி வைப்பதோ தேவை. அதே மாதிரி இன்னொரு மென்பொருளான கொடோ 4 இதைத் தானாகவே சரியாகச் செய்யும், உள்ளே எழுத்து ஒழுங்காக்கும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. தடயக் குறிப்பு வாசிக்க முடியாமல் போனால் கருவி நல்லதா கெட்டதா என்று சோதிக்கவே முடியாது, ஆகவே இதை முதல் வாரத்திலேயே பாருங்கள். எல்லாரும் பேசி வாக்களிக்கும் கூட்டத்தில் போனில் தமிழில் தட்டெழுத நேரம் போதாது. குரலரட்டை இல்லாதவர்களுக்கு 'நேற்று மேலே மழை', 'இவரைப் பீலியடியில் கண்டேன்' என்று தொட்டு அனுப்பும் இருபது வாசகங்கள் வையுங்கள், இடமும் ஆளும் மாற்றிக்கொள்ளக் கூடியதாக.

முதலில் காகிதத்தில் ஆடிப் பாருங்கள். பத்துப் பேர், ஒரு வரைபடம், செருப்பு வகைக்கு நாலு நிற அட்டை, தராசுக்கு நடுவர் ஒருவர். மூன்று மாலையில் கருவியின் பாதிக் குறை தெரிந்துவிடும், ஒரு வரி நிரல் எழுதுமுன். பிறகு கணினியில் எண்ணும்போது அவசரப்படாதீர்கள். 20 ஆட்டத்தில் கள்ளர் 13 வென்றால் சமநிலை கெட்டது என்று சொல்லமுடியாது, அந்த எண்ணிக்கையில் 22 வீதம் மேலும் கீழும் ஆடும். 200 ஆட்டத்தில்தான் அது 7 வீதமாகக் குறையும். வெற்றி வீதத்தைவிட முன்னதாகக் கவனிக்கவேண்டியது, ஒவ்வொரு கருவியின் முடிவையும் கூட்டத்தில் யாராவது வாய்திறந்து சொன்னார்களா என்பது. ஐந்து ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பேசப்படாத கருவியை எடுத்துவிடலாம். சொன்னதும் எதிர்ப்பே இல்லாமல் எல்லாரும் வாக்களித்த கருவியையும் எடுத்துவிடுங்கள், அது ஒளிந்திருக்கும் ஸ்கேனர்.

கட்டும் வரிசை: செருப்பும் தராசும் முதலில், அட்டை அடுத்து, செக்ரோல் அதன்பின், டேப்லட் கடைசி. சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊரில் ஆடப்போகிறார்கள் என்பதால், துப்பறிபவரின் தொடர்பு அறுந்தால் 30 வினாடி அவர் அசையாமல் நிற்கட்டும், யாரும் தொடமுடியாதபடி. அதற்குள் வராவிட்டால் பை அவர் நின்ற இடத்திலேயே தரையில் விழும், முதலில் வந்து எடுப்பவர் கைக்குப் போகும்.